"நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?" - மரபணு ஆலோசகர்களை உருவாக்கிய வகுப்பறையின் கதை

டாக்டரிடம் போகிறவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் கேட்டுவிடும் கேள்வி இது: "நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?"

எந்த மாத்திரை நல்லது என்று கேட்டால் பதில் சொல்லிவிடலாம். முழங்கால் ஆபரேஷன் இப்போதே செய்வதா, ஆறு மாதம் கழித்தா என்றாலும் சொல்லிவிடலாம். ஆனால் கேட்பவர் ஐந்து மாதக் கர்ப்பிணி, அவர் கையில் இருப்பது வயிற்றில் இருக்கும் குழந்தையின் குரோமோசோம் ரிப்போர்ட் என்றால்?

இந்த ஒரு கேள்வியை எப்படி எதிர்கொள்வது என்று சொல்லிக்கொடுக்கவே அமெரிக்காவில் ஒரு முதுகலைப் படிப்பு உருவானது. பெயர் ஜெனடிக் கவுன்சிலிங், அதாவது மரபணு ஆலோசனை. அதன் முதல் வகுப்பு 1969ல் தொடங்கியது. ஜீன், குரோமோசோம், நிகழ்தகவுக் கணக்கு எல்லாம் அந்தப் படிப்பில் உண்டு. ஆனால் வரலாற்றைப் புரட்டினால் தெரிவது வேறு. கணக்கைச் சொல்லிக்கொடுப்பதில் அவர்களுக்குச் சிரமமே இருக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரைக் கேட்கக் கற்றுக்கொடுப்பதுதான் சிரமமாக இருந்தது. அதற்கு முப்பது வருடங்களுக்கு மேல் ஆனது!

ஏன் அவ்வளவு காலம்? அதற்கு இன்னும் பின்னால் போக வேண்டும்.

முதல் பயிற்சி வகுப்பு... ஆனால் தப்பான வகுப்பு

குடும்பங்களைச் சந்தித்து, யாருக்கு என்ன நோய் என்று கேட்டு, வம்சாவளிப் படம் வரைய ஆட்களைப் பயிற்றுவித்தது 1969ல்தான் முதல் முறை என்று நினைத்தால் அது தவறு. அதற்கு அறுபது வருடம் முன்பே ஒரு பயிற்சி நடந்தது.

1910ல் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில், கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் என்ற இடத்தில் யூஜெனிக்ஸ் ரெக்கார்ட் ஆபீஸ் என்ற அலுவலகம் திறக்கப்பட்டது. யூஜெனிக்ஸ் என்றால் "நல்ல" மனிதர்கள் மட்டும் பிள்ளை பெற வேண்டும், "மோசமான" மனிதர்கள் பெறக்கூடாது என்ற கொள்கை. நடத்தியவர் சார்லஸ் டேவன்போர்ட் என்ற உயிரியலாளர். பணம் ரயில்வே முதலாளி ஹாரிமன் குடும்பத்திலிருந்து வந்தது, பிறகு கார்னகி நிறுவனத்திலிருந்து வந்தது.

இந்த அலுவலகம் ஒவ்வொரு கோடையிலும் களப்பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. 1910 முதல் 1924 வரை பயிற்சி பெற்றவர்கள் 250 பேருக்கு மேல். பெரும்பாலும் பட்டம் படித்த இளம் பெண்கள். வீடு வீடாகவும், மனநல விடுதிகளுக்கும் போனார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று போட்டு கோடு இழுத்து வம்சாவளிப் படம் வரைந்தார்கள். இன்றைக்கும் மரபணு ஆலோசகர்கள் அதே சதுரம், வட்டத்தைத்தான் போடுகிறார்கள்.

வித்தியாசம் எங்கே? அந்தக் களப்பணியாளர்களுக்குக் கேட்கச் சொல்லிக்கொடுக்கவில்லை, எடை போடச் சொல்லிக்கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன வம்பும் பதிவேட்டில் ஏறியது. "புத்தி மந்தம்" என்ற முத்திரை பார்த்த மாத்திரத்தில் குத்தப்பட்டது. இத்தகைய பதிவுகளை வைத்துக்கொண்டுதான் கட்டாயக் கருத்தடைச் சட்டங்களுக்கு ஆதரவு திரட்டப்பட்டது.

இண்டியானா மாநிலம் 1907லேயே அப்படி ஒரு சட்டம் போட்டிருந்தது. 1927ல் பக் எதிர் பெல் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே வர்ஜீனியா சட்டம் செல்லும் என்றது. அந்த வழக்கின் நாயகி கேரி பக். அவர், அவருடைய அம்மா, அவருடைய கைக்குழந்தை மூன்று பேருக்கும் புத்திக் குறைபாடு என்று கோர்ட்டில் சொன்னார்கள். அந்தக் குழந்தை பின்னாளில் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிப்பவர்கள் பட்டியலில் இடம் பிடித்தது! ஆனால் கேரிக்கு அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டில் இப்படி அமெரிக்காவில் கருத்தடை செய்யப்பட்டவர்கள் 60,000 பேருக்கு மேல்.

அலுவலகம் 1939ல் மூடப்பட்டது. ஆனால் அது விட்டுச் சென்ற பயம் மூடப்படவில்லை. "மரபு பற்றிப் பேச வருகிறவர் நமக்குத் தீர்ப்பு எழுத வருகிறார்" என்ற பயம் அது.

மின்னசோட்டாவில் பிறந்த ஒரு பெயர்

இப்போது மின்னசோட்டா. அங்கே சார்லஸ் டைட் என்று ஒரு டாக்டர் இருந்தார். தீவிர யூஜெனிக்ஸ் ஆதரவாளர். 1925ல் மின்னசோட்டாவில் கருத்தடைச் சட்டம் வருவதற்குப் பாடுபட்டவர். 1933ல் ஹிட்லருக்கே பாராட்டுக் கடிதம் எழுதியவர். 1938ல் இறந்தபோது தன் சொத்தை மின்னசோட்டா பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்தார். அந்தப் பணத்தில் 1941ல் டைட் இன்ஸ்டிட்யூட் என்ற மனித மரபியல் ஆய்வகம் தொடங்கியது.

1947ல் அதன் இயக்குநராக வந்தவர் ஷெல்டன் ரீட். பழ ஈக்களை வைத்து ஆராய்ச்சி செய்த மரபியலாளர். "எங்கள் முதல் குழந்தைக்கு இந்தக் குறை இருக்கிறது, அடுத்த குழந்தைக்கும் வருமா?" என்று பெற்றோர்கள் அவரிடம் கேட்டுக்கொண்டு வந்தார்கள். இந்த வேலைக்கு அதுவரை "மரபுச் சுகாதாரம்" போன்ற பெயர்கள் இருந்தன. ரீடுக்கு அவை பிடிக்கவில்லை. அவர் வைத்த பெயர்தான் ஜெனடிக் கவுன்சிலிங். அவரைப் பொறுத்தவரை இது குடும்பங்களுக்கு உதவும் ஒருவகைச் சமூகப்பணி. பெற்றோருக்கு நிலவரத்தைச் சொல்லலாம், குழந்தை பெறுங்கள், பெறாதீர்கள் என்று சொல்லக்கூடாது என்பது அவர் நிலை.

யூஜெனிக்ஸ்காரர் விட்டுச் சென்ற பணத்தில், யூஜெனிக்ஸிலிருந்து விலகி நிற்க ஒரு பெயர் பிறந்தது! ஆனால் விலகல் முழுமையானது என்று சொல்ல முடியாது. ரீடும் அவர் மனைவி எலிசபெத்தும் 1965ல் மனவளர்ச்சிக் குறைபாடு பற்றி ஒரு பெரிய குடும்ப ஆய்வை வெளியிட்டார்கள். அதன் அடித்தளம், 1910களில் மின்னசோட்டாவின் ஃபாரிபோ அரசு விடுதியில் களப்பணியாளர்கள் சேகரித்த பழைய குறிப்புகள். பெயரை மாற்றிவிடலாம், பழைய கணக்குப் புத்தகத்தை உடனே தூக்கி எறிய முடியவில்லை.

இன்னொரு விஷயம். ரீட் இதைத் தானே செய்தார், தன் அனுபவத்தை 1955ல் புத்தகமாகவும் எழுதினார். ஆனால் இந்த வேலைக்கென்று ஆட்களை வகுப்பில் உட்காரவைத்துப் பயிற்றுவிக்கும் தனிப் படிப்பு எதுவும் அப்போது உருவாகவில்லை. பேசத் தெரிந்தவர் பேசுவார், தெரியாதவர் எண்ணை மட்டும் சொல்லி அனுப்புவார். அவ்வளவுதான்.

திடீரென்று கூடிய டிமாண்ட்

அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் எல்லாம் வேகமாக மாறியது.

1956ல் மனிதனுக்கு 46 குரோமோசோம்கள் என்று ட்ஜியோ, லெவன் இருவரும் சரியாக எண்ணிக் காட்டினார்கள். (அதுவரை 48 என்றுதான் பாடப்புத்தகங்களில் இருந்தது!) 1959ல் டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம் கூடுதலாக இருக்கும் ஒரு 21வது குரோமோசோம் என்று பிரான்ஸில் கண்டுபிடித்தார்கள். 1966ல் பனிக்குட நீரில் இருக்கும் செல்களை வளர்த்து, குழந்தை பிறக்கும் முன்பே குரோமோசோம்களைப் பார்க்க முடியும் என்று தெரிந்தது. இதுதான் ஆம்னியோசென்டசிஸ் சோதனை. 1970ல் நியூயார்க் மாநிலம் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கியது. 1973ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. (அந்தத் தீர்ப்பு 2022ல் ரத்தானது.)

காமர்ஸ் பாஷையில் சொன்னால் டிமாண்ட் எகிறியது, சப்ளை அப்படியே நின்றது. மரபியல் தெரிந்த டாக்டர்கள் மிகக் குறைவு. இருந்தவர்களுக்கும் ஒரு குடும்பத்தோடு ஒரு மணி நேரம் உட்கார நேரம் கிடையாது.

அந்த இடைவெளியைப் பார்த்தவர் மெலிசா ரிக்டர். நியூயார்க் அருகே பிராங்ஸ்வில் என்ற ஊரில் இருக்கும் சாரா லாரன்ஸ் கல்லூரியின் பேராசிரியை. அது நீண்ட காலம் பெண்கள் கல்லூரியாக இருந்தது. குடும்பம், குழந்தை என்று படிப்பை விட்ட பெண்கள் திரும்பவும் படிக்க வருவதற்கு அங்கே ஆதரவு இருந்தது. இப்படிப்பட்ட பெண்களை மரபியலில் பயிற்றுவித்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினால் என்ன என்பது ரிக்டரின் யோசனை. 1969ல் வகுப்பு தொடங்கியது. உலகிலேயே இந்த வேலைக்கான முதல் முதுகலைப் படிப்பு இதுதான்.

1971ல் முதல் வகுப்பு பட்டம் பெற்று வெளியே வந்தது. அவர்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். எல்லோரும் பெண்கள். அவர்களை "கவுன்சிலர்" என்று அழைக்கக்கூடப் பல டாக்டர்களுக்கு மனம் வரவில்லை. ஆலோசனை சொல்வது டாக்டர் வேலையல்லவா? அதனால் ஆரம்பத்தில் "ஜெனடிக் அசோசியேட்" என்ற பெயர்தான் கிடைத்தது.

தெருவில் கிடைத்த பாடம்

இந்த முதல் பட்டதாரிகள் வெளியே வந்த அதே நேரத்தில் அமெரிக்காவில் இரண்டு பெரிய பரிசோதனைத் திட்டங்கள் நடந்தன. இந்தத் தொழிலுக்கு ஏன் பயிற்சி வேண்டும் என்பதற்கு அவற்றைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது.

முதலாவது டே-சாக்ஸ் நோய். மூளையைத் தாக்கி, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் குழந்தையைக் கொன்றுவிடும் நோய். கிழக்கு ஐரோப்பிய வம்சாவளி யூதர்களில் சுமார் 30 பேருக்கு ஒருவர் இதன் கேரியர். கேரியர் என்றால் அவருக்கு நோய் இல்லை, மாறிய ஜீன் ஒன்றை மட்டும் சுமக்கிறார். கணவன் மனைவி இருவருமே கேரியராக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு. மைக்கேல் கபாக் என்ற டாக்டர் 1971ல் பால்டிமோர் - வாஷிங்டன் பகுதியில் பரிசோதனையைத் தொடங்கினார். அதற்கு முன்பு நீண்ட நாள் யூதக் கோயில்களுக்குப் போய், மதகுருக்களிடம் பேசி, மக்களுக்கு விளக்கி, தொண்டர்களைப் பயிற்றுவித்தார். மக்கள் தாங்களே வரிசையில் வந்து நின்றார்கள். பின்னாளில் வட அமெரிக்க யூதர்களிடையே இந்த நோயோடு பிறக்கும் குழந்தைகள் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தார்கள்.

இரண்டாவது சிக்கிள் செல் சோகை. கறுப்பின அமெரிக்கர்களில் சுமார் 12 அல்லது 13 பேருக்கு ஒருவர் கேரியர். இங்கே பல மாநிலங்கள் முதலில் சட்டத்தைப் போட்டுவிட்டு, விளக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டன. சில இடங்களில் பள்ளியில் சேரும் குழந்தைகளுக்கே கட்டாயப் பரிசோதனை! கேரியருக்கும் நோயாளிக்கும் வித்தியாசம் சொல்லப்படவில்லை. ஆரோக்கியமான குழந்தைகளின் பெற்றோர் பிள்ளை செத்துவிடும் என்று பயந்தார்கள். வேலை மறுக்கப்பட்டது, இன்சூரன்ஸ் பிரீமியம் ஏறியது. அமெரிக்க விமானப்படை அகாடமி 1981 வரை கேரியர்களைச் சேர்க்கவில்லை. 1972ல் வந்த மத்திய சட்டம்தான் பரிசோதனை விருப்பத்தின் பேரில் நடக்க வேண்டும், கூடவே ஆலோசனையும் வேண்டும் என்று வலியுறுத்தியது.

இரண்டு நோய்க்கும் மரபியல் கணக்கு அச்சு அசல் ஒன்றுதான். அதே 25 சதவீதம்! ஒன்றில் நம்பிக்கை வளர்ந்தது, மற்றொன்றில் அவமானம் வளர்ந்தது. இனப்பாகுபாடு இதில் பெரிய காரணம் என்பதை மறுக்க முடியாது. அதோடு சேர்ந்து, முன்கூட்டியே உட்கார்ந்து பேசினார்களா இல்லையா என்பதும் விளைவை மாற்றியது.

ஒரு சமூகப்பணியாளர் உள்ளே வருகிறார்

1970களின் தொடக்கத்தில் சாரா லாரன்ஸ் படிப்பின் பொறுப்பு ஜோன் மார்க்ஸ் என்பவரிடம் வந்தது. அவர் மரபியலாளர் அல்ல, மனநலத் துறையில் பயிற்சி பெற்ற சமூகப்பணியாளர். 1998 வரை அந்தப் படிப்பை நடத்தினார். இன்று அந்தப் படிப்பே அவர் பெயரில்தான் இருக்கிறது.

அவர் கண்ட பிரச்சினை இது. மாணவிகளுக்கு மரபியல் நன்றாகத் தெரிகிறது. ஆனால் எதிரே ஒரு அம்மா அழ ஆரம்பித்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. சட்டென்று அடுத்த புள்ளிவிவரத்துக்குத் தாவிவிடுகிறார்கள். அழுகையைவிடச் சதவீதம் பாதுகாப்பானது அல்லவா? அதனால் பாடத்திட்டத்தில் கவுன்சிலிங், துயரத்தைப் புரிந்துகொள்ளுதல் போன்றவற்றுக்குப் பெரிய இடம் கொடுத்தார்.

இதற்குக் கைகொடுத்தது கார்ல் ராஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரின் சிந்தனை. 1940களிலும் 50களிலும் அவர் சொன்னதன் சாரம் எளிது. உதவி கேட்டு வருகிறவருக்குத் தன் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்கும் திறன் உண்டு. ஆலோசகர் வழிகாட்டிப் பலகை ஆகக்கூடாது. மதிப்போடு, உண்மையோடு, அவர் இடத்தில் நின்று கேட்க வேண்டும். இதற்கு "நான்-டைரக்டிவ்" முறை என்று பெயர். வழி சொல்லாத வழி என்று வைத்துக்கொள்ளலாம்.

யூஜெனிக்ஸின் கறை படிந்த ஒரு துறைக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. கருக்கலைப்புச் சண்டை உச்சத்தில் இருந்த நாட்டில் இது பாதுகாப்பான நிலைப்பாடாகவும் இருந்தது. ஒரு ஆடிட்டர் கணக்கைச் சரிபார்த்துக் கொடுப்பார், கடையை மூடு என்று சொல்ல மாட்டார். அதுபோல ஆலோசகர் தகவலைக் கொடுப்பார், முடிவை நீங்கள் எடுங்கள் என்பார்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

மௌனம் நடுநிலையா?

1970களில் ரட்கர்ஸ், பெர்க்லி, இர்வைன், பிட்ஸ்பர்க் என்று பல பல்கலைக்கழகங்களில் இந்தப் படிப்பு பரவியது. 1975ல் அமெரிக்க மனித மரபியல் சங்கம், மரபணு ஆலோசனை என்பது ஒரு தகவல் தொடர்புச் செயல்பாடு என்று வரையறை கொடுத்தது. 1979ல் ஆலோசகர்களின் தேசிய சங்கம் உருவானது. முதல் தலைவர் ஆட்ரி ஹைம்லர்.

ஆனால் தகவல் போய்ச் சேர்ந்ததா? 1981ல் சோரன்சன், ஸ்வேசி, ஸ்காட்ச் மூவரும் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். ஆலோசனை முடிந்து வெளியே வந்தவர்களில் கணிசமானோருக்கு, தங்களுக்குச் சொல்லப்பட்ட எண் நினைவில்லை. தாங்கள் மனதில் சுமந்து வந்த கேள்வியைக் கேட்கவே இல்லை என்றும் பலர் சொன்னார்கள்.

அதே 1981ல் பெர்க்லியில் பாடம் நடத்திய சீமோர் கெஸ்லர் என்ற உளவியலாளர் வேறு ஒரு வேலை செய்தார். ஒரு ஆலோசனை அமர்வில் பேசப்பட்டதை எழுத்தாக்கி, வரி வரியாக அலசி வெளியிட்டார். கிரிக்கெட்டில் ஸ்லோ மோஷன் ரீப்ளே போடுவது போல! எந்த இடத்தில் ஆலோசகர் தப்பித்து ஓடினார், எங்கே வந்தவரின் குரலைக் கவனிக்கவில்லை என்பதையெல்லாம் இப்படிப் பார்த்தால் மறைக்க முடியாது.

கெஸ்லர் தொடர்ந்து எழுதினார். 1997ல் அவர் வெளியிட்ட கட்டுரைகள் இந்தத் துறையைக் குலுக்கின. அவர் சொன்னதன் சுருக்கம்: நம் ஆலோசகர்கள் செய்வது பெரும்பாலும் பாடம் நடத்துவது, ஆலோசனை அல்ல. நான்-டைரக்டிவ் என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று நினைக்கிறார்கள். அது அப்படியில்லை. வந்தவரின் யோசிக்கும் திறனையும் தன்னம்பிக்கையையும் வளர்த்து, அவரே முடிவெடுக்க உதவுவதுதான் அது. அதற்கு நிறையத் திறமை வேண்டும், நிறையப் பேசவும் வேண்டும். பயிற்சி போதாததால்தான் ஆலோசகர்கள் மௌனத்துக்குள் ஒளிந்துகொள்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். "நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?" என்று ஒரு பெண் கேட்கிறார். "அது உங்கள் முடிவு, நான் எதுவும் சொல்லக்கூடாது" என்று பதில் வருகிறது. விதிப்படி சரிதான். ஆனால் அந்தப் பெண்ணுக்குக் காதில் விழுந்தது என்ன? "நீ தனியாகப் பார்த்துக்கொள்" என்பதுதானே?

அந்தக் கேள்விக்குள் வேறு கேள்விகள் இருக்கலாம். "நான் தப்பான ஆளா?" என்பதாக இருக்கலாம். "வீட்டில் பெரியவர்கள் ஒன்று சொல்கிறார்கள், என் மனசு வேறு சொல்கிறது" என்பதாக இருக்கலாம். பயிற்சி பெற்றவர் முதலில் உள்ளே இருக்கும் கேள்வியைத் தேடுவார். "இதை என்னிடம் கேட்கும்போது உங்கள் மனதில் என்ன ஓடுகிறது?" என்று மெதுவாகக் கேட்பார். பதில் வரும்வரை காத்திருப்பார். இந்தக் காத்திருத்தலும் மௌனம்தான். ஆனால் முதல் மௌனத்தில் ஆலோசகர் ஒதுங்கிக்கொள்கிறார், இதில் கூடவே உட்கார்ந்திருக்கிறார்.

வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது?

இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? லெக்சர் கேட்டு நீச்சல் கற்க முடியாது. எனவே பயிற்சி முறைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

முதலில் நடித்துப் பார்ப்பது. ஒரு மாணவி ஆலோசகர், இன்னொருவர் கர்ப்பிணி, மற்றவர்கள் பார்வையாளர்கள். பிறகு, நோயாளி போல நடிக்கப் பயிற்சி பெற்ற நபர்களை வைத்துப் பழகுவது. இந்த முறையை 1963ல் கலிபோர்னியாவில் ஹோவர்ட் பேரோஸ் என்ற நரம்பியல் டாக்டர் மருத்துவ மாணவர்களுக்காகத் தொடங்கினார், பின்னாளில் மரபணு ஆலோசனை வகுப்புகளுக்கும் வந்தது. அடுத்தது உண்மையான கிளினிக். மேற்பார்வையாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மாணவி பேசுவார். அமர்வு முடிந்ததும் "அந்த இடத்தில் ஏன் பேச்சை மாற்றினாய்?" என்று மேற்பார்வையாளர் கேட்பார். படிப்பு முடிய குறைந்தது 50 குடும்பங்களோடாவது இப்படி நேரடியாகப் பங்கெடுத்திருக்க வேண்டும் என்பது விதி.

எண்களைச் சொல்வதும் ஒரு திறமைதான். "25 சதவீத ஆபத்து" என்பதும் "நான்கில் மூன்று பங்கு நோய் வராமலிருக்க வாய்ப்பு" என்பதும் கணக்கில் ஒன்று, காதில் வேறு. "நான்கில் ஒன்று" என்றால், முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி அடுத்த மூன்றும் தப்பித்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை, ஒவ்வொரு முறையும் காசைப் புதிதாகத்தான் சுண்டுகிறோம் என்று புரியவைக்க வேண்டும். அதுவும் நம்பிக்கையைக் கொல்லாமல்.

நடுவில் ஒரு சோதனையும் வந்தது. இவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்துவந்த மருத்துவ மரபியல் வாரியம், டாக்டர்களின் சிறப்புத் துறைக் கூட்டமைப்பில் சேர விரும்பியது. முதுகலைப் பட்டதாரிகள் இருந்தால் அங்கே இடமில்லை. கழற்றிவிட்டார்கள்! ஆலோசகர்கள் 1993ல் தங்களுக்கென்று ஒரு வாரியத்தை அமைத்துக்கொண்டார்கள். ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. தங்கள் தொழிலுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று தாங்களே உட்கார்ந்து எழுதினார்கள். 1996ல் வந்த அந்தப் பட்டியலில் 27 திறன்கள், நான்கு பிரிவுகள்: தகவல் தொடர்பு, சிந்தனைத் திறன், மனித உறவும் கவுன்சிலிங்கும், தொழில் அறம். மரபியல் பாடம் தனிப் பிரிவாகக்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அது நான்குக்குள்ளும் கலந்திருந்தது.

தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமை

1990களில் ஆலோசனை அறைக்கு வருகிறவர்களும் மாறினார்கள். பிறக்கப்போகும் குழந்தைக்காக வந்தவர்களோடு, தங்களுக்காக வருகிறவர்களும் சேர்ந்தார்கள். 1994, 95ல் மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய இரண்டு ஜீன்கள் கண்டறியப்பட்டன. அதற்கு முன்பே ஹண்டிங்டன் நோய். நடு வயதில் வந்து உடலையும் மனதையும் சிதைக்கும், குணப்படுத்த மருந்து இல்லை. அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு 50 சதவீத வாய்ப்பு. ஜீன் 1993ல் கண்டுபிடிக்கப்பட்டது. 1994ல் சர்வதேச வழிகாட்டு நெறிகள் வந்தன. பரிசோதனைக்கு முன்பும் பின்பும் ஆலோசனை வேண்டும், யாரையும் வற்புறுத்தக்கூடாது என்றன.

பரிசோதனை கைக்கு வந்ததும் எல்லோரும் ஓடி வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வரவில்லை! வாய்ப்புள்ளவர்களில் ஐந்தில் ஒருவர்கூட முன்வரவில்லை. பெரும்பாலோர் தெரியாமலே வாழ விரும்பினார்கள். தகவல் என்றால் நல்லது, அதிகத் தகவல் என்றால் இன்னும் நல்லது என்று நினைத்த துறைக்கு இது முக்கியமான பாடம். பரிசோதனை வேண்டாம் என்று எழுந்து போகிறவரையும் மரியாதையோடு வழியனுப்புவது பயிற்சியில் சேர்ந்தது.

இன்னும் தீராத கணக்கு

எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்தால் அது நேர்மையாக இருக்காது. 1999ல் ஏட்ரியன் ஆஷ் ஒரு கூர்மையான விமர்சனம் எழுதினார். அவர் பார்வையற்றவர், உயிரறவியல் அறிஞர். கருவில் குறையைத் தேடும் முறையே, குறையுள்ள வாழ்க்கை வாழத் தகுதியற்றது என்ற எண்ணத்தின் மேல் நிற்கிறது என்பது அவர் வாதம். ஆலோசகர் எவ்வளவு நடுநிலையாகப் பேசினாலும், நோயின் மருத்துவப் பட்டியலை மட்டும் வாசித்தால் தராசு ஏற்கெனவே சாய்ந்துவிட்டது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் பள்ளிக்குப் போகிறார்கள், வேலை பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள் என்று சொல்லாமல் இதயக் கோளாறு சதவீதத்தை மட்டும் சொன்னால் அது எப்படி முழுத் தகவல்? 2008ல் அமெரிக்காவில் ஒரு சட்டமே வந்தது. இப்படிக் கண்டறியப்படும்போது பெற்றோருக்கு அண்மைய, சமநிலையான தகவலும் ஆதரவு அமைப்புகள் பற்றிய விவரமும் கிடைக்கச் செய்வது அதன் நோக்கம்.

இன்னொரு பாக்கி, யார் இந்த வேலைக்கு வருகிறார்கள் என்பது. அமெரிக்காவில் சான்றிதழ் பெற்ற ஆலோசகர்கள் இன்று 5,000 பேருக்கு மேல். முதல் வகுப்போடு ஒப்பிட்டால் பிரமிப்புதான். ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையினப் பெண்கள். சிக்கிள் செல் விவகாரத்தில் காயம்பட்ட சமூகத்தினர் இந்தத் தொழிலில் இன்னும் மிகக் குறைவு.

இந்த வரலாறு கடைசியில் மறுபடி மின்னசோட்டாவுக்கே வருகிறது. டைட் தன் சொத்தை எழுதிவைத்த அதே பல்கலைக்கழகத்தில், பாட்ரிசியா மெக்கார்த்தி வீச் என்ற உளவியல் பேராசிரியையும், அங்கே ஆலோசகர் படிப்பை நடத்திய போனி லிராயும், டயான் பார்ட்டெல்ஸும் சேர்ந்து 2003ல் ஒரு பயிற்சிக் கையேடு கொண்டுவந்தார்கள். எப்படிக் கவனிப்பது, எப்படிக் கேள்வி கேட்பது, தன்னைப் பற்றிக் கேட்டால் எவ்வளவு சொல்லலாம் என்று படிப்படியாகப் பழக்கும் புத்தகம். 2007ல் அவர்களே இந்தத் தொழிலுக்கான ஒரு மாதிரியையும் முன்வைத்தார்கள். அதில் தகவல் முக்கியம். வந்தவரின் சுயாதீனம் முக்கியம். அவரால் தாங்க முடியும் என்ற நம்பிக்கை முக்கியம். அவர் உணர்ச்சிகளுக்கு மதிப்பு உண்டு. இவற்றுக்கெல்லாம் நடுவில், இருவருக்கும் இடையிலான உறவு.

1910ல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் பயிற்சி பெற்ற பெண்களும் படித்தவர்கள்தான், புத்திசாலிகள்தான். பலர் நல்லது செய்கிறோம் என்றே நம்பினார்கள். அவர்கள் கையில் இருந்ததும் அதே சதுரம், அதே வட்டம். எதிரே இருப்பவரைப் பார்த்து, "இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்க மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் கேள்வி ஒரு பாடத்திட்டத்துக்குள் வந்து சேர்வதற்குள் அறுபதாயிரம் பேரின் வாழ்க்கை திசை மாறிவிட்டது.